பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை

என் வீட்டுக்காரர் அல்லாலுக்குக் குதிரை ஓட்டத் தெரியும், ஓடுகிற குதிரையின் மேல் எழுந்து நின்று துப்பாக்கி சுடத் தெரியும், சந்தேகப்படத் தெரியும். இந்த மூன்றாவதில் துக்காலா வட்டாரம் முழுக்கத் தேடினாலும் அவருக்கு ஜோடி கிடைக்காது. தேநீரில் புதினா கொஞ்சம் கூடிவிட்டால், எதன் வாசனையை மறைக்க இவ்வளவு புதினா என்று கேட்கிற ஆள். பதினோரு வருஷமாக அந்தக் கேள்விகளோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன்.

அவருடைய பெண்குதிரையின் பெயர் கம்ரா. எங்கள் ஊர்க் குழுவில் பதினைந்து குதிரைகள். அறுவடைத் திருவிழாவில் பதினைந்தும் தோளோடு தோள் உரச ஒரே கோடாக ஓடிவர வேண்டும். மைதானத்தின் முடிவில் பதினைந்து துப்பாக்கியும் ஒரே சத்தமாக வெடிக்க வேண்டும். இரண்டு சத்தமாகக் கேட்டால் அந்த வருஷம் முழுக்க எங்கள் ஆட்கள் சந்தைக்குப் போக வெட்கப்படுவார்கள். குழுத் தலைவர் திபாரிக்கு வலது பக்கம் முதல் இடம் கம்ராவுக்கு. அவளால் வர முடியாமல் போனால் அந்த இடத்தில் பதினாறாவது குதிரையை இறக்குவார்கள். அந்தப் பதினாறாவது குதிரை என் அண்ணன் கப்பூருடையது.

அண்ணன் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்று வயல் தாண்டி. கம்ராவுக்கான பார்லி அவன் களத்திலிருந்துதான் எப்போதும் வரும். போன வருஷத் திருவிழாவில் பக்கத்து ஊர்க் குதிரை ஒன்று ஓடுவதற்கு முந்தின நாள் வயிறு ஊதிச் செத்தது. யாரோ எதையோ கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு. அந்தப் பேச்சு எல்லார் காதிலும் நுழைந்து வெளியே போயிற்று. அல்லால் காதில் மட்டும் தங்கிவிட்டது. இந்த வருஷம் திருவிழாவுக்கு நாற்பது நாள் இருக்கும்போது ஒரு காலையில் அண்ணன் அனுப்பிய பார்லி மூட்டைகளைக் கழுதையோடு திருப்பி அனுப்பினார்.

"இனிமே இவளுக்கு என் வீட்டுத் தீனிதான். என் கையாலதான்," என்றார் என்னிடம்.

"என் கையும் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீ யாரோட தங்கச்சி?" என்றார்.

எங்கள் வீட்டுத் தீனி என்பது கொல்லையில் இருக்கும் தானியக் குழி. முந்தின வருஷ மக்காச்சோளத்தைப் போட்டு, மேலே வைக்கோல் பரப்பி, மண்ணால் மூடி வைத்திருந்தது. குளிர்காலத்தில் விடாத மழை. குழியைத் திறந்தபோது மேல்பக்கம் அடை அடையாகக் கட்டியிருந்தது, ஈரத்துணியைக் கூடையில் மறந்துவிட்ட மாதிரி ஒரு நாற்றம். அல்லால் மேலே இருந்ததைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளே இருப்பது தங்கம் என்றார். உள்ளேயும் சில மணிகள் ரோஸ் நிறத்தில் பூத்திருந்தன. அதை நான் சொன்னேன். சொன்னது நான் என்பதாலேயே அது எடுபடவில்லை.

ஆனால் அவரை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தன் குழியையே நம்பாதவர். யாராவது உள்ளே எதையாவது கொட்டியிருந்தால்? அதற்காக ஒரு சோதனை வைத்தார். ஒவ்வொரு சாயங்காலமும் குழியிலிருந்து எடுத்த சோளத்தில் ஒரு கூடை முதலில் எங்கள் செவலைப் பசுவுக்கு. மறுநாள் காலை அது அசைபோட்டுக்கொண்டு, பால் குறையாமல் நின்றால்தான் மீதி கம்ராவுக்கு. கோழிகளுக்கும் ஒரு கைப்பிடி வீசுவார். நாய்க்குக்கூடச் சோளத்தை இடித்து ரொட்டியாகச் சுட்டுப் போட்டார். நாய் ஒரு நாள் அதை வாந்தி எடுத்துவிட்டு, நிழலில் படுத்துத் தூங்கி எழுந்து, வால் ஆட்டியது. கோழிகள் முட்டை போட்டன. பசுவோ பளபளவென்று ஆனது. ராஜாவுக்குக்கூட இத்தனை ருசி பார்க்கிற ஆட்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்று அல்லால் பெருமைப்பட்டுக்கொண்டார். எனக்கும் உள்ளூர அது சரியென்றுதான் பட்டது. பசுவுக்கும் நாலு கால், குதிரைக்கும் நாலு கால், இரண்டும் புல் தின்கின்றன, வேறென்ன வேண்டும்?

அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தான். குழியை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். கம்ரா இளைத்திருக்கிறாள், இந்தச் சோளம் வேண்டாம், வேண்டுமானால் தன் களத்துக்கு அவரே வந்து பார்த்து அளந்து பார்லி எடுத்துக்கொள்ளலாம் என்று அல்லாலிடம் நயமாகத்தான் சொன்னான். அல்லால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்தால் அடுத்து ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். பேசிக்கொண்டே அண்ணன் பழக்கத்தில் கம்ராவின் கழுத்தைத் தடவினான், தீனித் தொட்டிக்குள் கையை விட்டு நாலு மணி சோளத்தை எடுத்து முகர்ந்தான்.

அல்லால் எழுந்தார். குழு ஆட்கள் நாலு பேர் தேநீருக்கு உட்கார்ந்திருந்தார்கள், திபாரியும் இருந்தார். அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

"கேட்டுக்கோ கப்பூரு. இனி ஒரு தடவ உன் கை இவ தொட்டியில பட்டுதுன்னா, உன் தங்கச்சிக்கு மூணு தலாக். அவ எனக்கு ஹராம்."

நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. குதிரைக்கும் தொட்டிக்கும் நடுவில் என்னைக் கொண்டுவந்து கட்டிவிட்டார். பதினோரு வருஷம், இரண்டு பெண் குழந்தைகள், இந்த அடுப்பு, எல்லாம் இனி ஒரு தொட்டியின் விளிம்பில். இப்படிச் சொல்வதெல்லாம் செல்லாது என்று நகரத்துக் கோர்ட்டில் எழுதி வைத்திருக்கிறதாம். எங்கள் ஊரில் வார்த்தை வாயை விட்டு வந்தால் வந்ததுதான், அதற்குப் பிறகு அந்த வீட்டில் படுப்பவளை மற்றப் பெண்கள் பார்க்கிற பார்வையே வேறு. திபாரி "அல்லால், வார்த்தைய அளந்து பேசு" என்று சொன்னதோடு சரி. அண்ணன் கையிலிருந்த மணிகளைக் கீழே போட்டுவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து நானும் காவல்காரியானேன். அல்லால் கம்ராவுக்காகக் காவல் இருந்தார், நான் எனக்காக. விடியும் முன் எழுந்து பசுவிடம் போகும்போது முதலில் லாயத்துச் சுவரைப் பார்ப்பேன், தரையைப் பார்ப்பேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, சுவரின் அடியில் ஏழெட்டு மணிகள் கிடந்தன. குனிந்து எடுத்தேன். பார்லி. எங்கள் வீட்டுக்குள் மூன்று வாரமாகப் பார்லி வரவில்லை.

கம்ராவின் உதட்டில் ஈரமாக உமி ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். மணிகளை அடுப்பில் போட்டேன். அல்லால் எழுந்து வந்து, சுவர்ப்பக்கம் என்ன வேலை என்று கேட்டார். கோழி அங்கே முட்டை போட்டிருக்கிறதா என்று பார்த்தேன் என்றேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் கோழியைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளும் மணிகள் கிடந்தன. அதற்கடுத்த நாளும். தினமும் பொறுக்கினேன், தினமும் எரித்தேன். அண்ணனிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். என் வாழ்க்கை போனாலும் பரவாயில்லை என்று சுவர் ஏறுகிறவனுக்கு அப்படி என்ன அவசரம்? வலது பக்கம் முதல் இடத்துக்காகவா? அந்தப் பார்லியில் எதைக் கலந்தான்? கூடப்பிறந்தவன், சின்ன வயசில் எனக்கு அம்மை கண்டபோது வாசலிலேயே படுத்துக் கிடந்தவன், அவனைப் பற்றி இப்படியெல்லாம் யோசித்தேன். அல்லாலோடு பதினோரு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டதில் அவர் நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை, கம்ரா தீனியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நடக்கவிட்டால் கால் பின்னியது. மதியத்துக்குள் கண் தெரியவில்லை. லாயத்தை விட்டு வந்தவள் நேராக ஒலிவ மரத்தில் போய் மோதினாள். பிறகு சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றாள். எவ்வளவு இழுத்தும் நகரவில்லை. அல்லால் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அழுது முடித்ததும் பசுவைப் பார்த்தார். அது நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"பாத்தியா. பசுவுக்கு ஒண்ணும் ஆகல. அப்போ சோளத்துல இல்ல. வேற எவனோ வேற எதையோ குடுத்திருக்கான்," என்றார்.

அந்தக் கணக்கை யாராலும் மறுக்க முடியவில்லை. என்னாலும்தான், முந்தானையில் பார்லி வாசனையை வைத்துக்கொண்டு.

மறுநாள் குழு ஆட்கள் எல்லாரும் அண்ணனை அழைத்துக்கொண்டு ஸீதி புல்கைர் தர்காவுக்குப் போனார்கள். எங்களில் ஒருவன் மேல் பழி வந்தால் அந்தக் கல்லறையின் பச்சைத் துணியில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் அதற்கு மேல் யாரும் அவனைப் பேசக் கூடாது. பெண்கள் நாங்கள் வெளிச்சுவரோரம் நின்றோம். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

அண்ணன் துணியில் கை வைத்தான். கம்ராவுக்கு நான் எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்று தொடங்கினான். அல்லால் இடைமறித்தார்.

"அப்படி இல்ல. அவ தொட்டியில என் கை படலன்னு சொல்லு."

அண்ணன் துணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான் என்று பிறகு சொன்னார்கள்.

"அத நான் சொல்ல மாட்டேன்," என்றான்.

அவ்வளவுதான். ஊருக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. திரும்பி வரும்போது ஒருவரும் அவனோடு நடக்கவில்லை. அவன் குதிரையும் குழுவில் வேண்டாம் என்று திபாரி அங்கேயே சொல்லிவிட்டார். ஆனால் அவன் கை வைத்தேன் என்றும் வாய் திறந்து சொல்லவில்லை. அதனால் என் தலைமேல் தொங்கிய வார்த்தை விழவில்லை. இதை மற்றவர்கள் யோசித்தார்களோ என்னவோ, நான் யோசித்தேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளி விடிகாலையில் கம்ரா செத்துப்போனாள். திருவிழாவுக்கு வரும் குதிரைகளுக்கு ஊசி போட நகரத்திலிருந்து ஒரு கால்நடை டாக்டர் வந்திருந்தார், நஜ்வா என்று பெயர், ரப்பர் பூட்ஸ் போட்ட ஒல்லியான பெண். திபாரி அவரைக் கூட்டி வந்தார். விஷத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், அறுத்துக் காட்டுங்கள் என்றார் அல்லால். குழு ஆட்கள் சுற்றி நின்றார்கள். அண்ணனும் வந்தான், உள்ளே வராமல் அந்தச் சுவருக்கு வெளியே நின்றான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. விஷம் வெளியே வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை.

தண்ணீர் ஊற்ற என்னை அழைத்தார்கள். பெருநாளுக்குப் பெருநாள் ஆட்டுக் குடல் கழுவும் கை என்னுடையது. அதில் பூத்துண்டு மாதிரி ஒரு பை இருக்கும், தேன்கூடு மாதிரி ஒன்று, ஏடு ஏடாக ஒன்று, வழவழவென்று ஒன்று, ஆக நாலு. கம்ராவுக்கும் அதைத்தான் எதிர்பார்த்தேன். டாக்டர் வயிற்றைத் திறந்து காட்டியபோது ஒரே ஒரு பைதான் இருந்தது, நான் மாவு பிசையும் தாம்பாளத்தில் அடங்கிவிடும். அவ்வளவு பெரிய உடம்புக்கு இத்தனூண்டு வயிறா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"ஆமாக்கா, இவ்வளவுதான்," என்றார் டாக்டர். பிறகு தலையைத் திறந்தார். அதை நான் பார்க்கவில்லை. திபாரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். மூளையின் ஒரு பக்கம் உள்ளே கூழாகியிருந்தது என்று சொன்னார்கள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, மக்காச்சோளம் கொடுத்தீர்களா, எத்தனை நாளாக என்று கேட்டார். குழிக்குப் போய்ச் சோளத்தை அள்ளி, ரோஸ் நிற மணிகளைத் தனியே பொறுக்கி அல்லாலின் உள்ளங்கையில் வைத்தார்.

"வெளியிலேருந்து யாரும் வெக்கல. இந்தப் பூஞ்சைதான் விஷம். பார்த்த வரைக்கும் எனக்குச் சந்தேகமே இல்ல, சோளத்தையும் சோதனைக்கு அனுப்பறேன்."

"பசுவுக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தான் குடுத்தேன், டாக்டரம்மா. தினமும். அதுக்கு ஒண்ணும் ஆகலியே," என்றார் அல்லால்.

"பசுவ வெச்சுக் குதிரைக்குச் சோதனையா?" டாக்டர் அவரை அதிசயமாகப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். பசுவுக்குப் புளிக்கிற பானை முன்னால் இருக்கிறது, அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். தின்றதை முதலில் அவை நொதிக்க வைக்கும், பசு அதையே மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். உள்ளே போகிற எத்தனையோ கெடுதல் அங்கேயே உடைந்துவிடும். குதிரைக்கு அந்தப் பானை கடைசியில், பெருங்குடலில். அங்கே போய்ச் சேருவதற்குள் நல்லது கெட்டது எல்லாம் ரத்தத்துக்குப் போய்விடும். நாய்க்குப் பிடிக்காவிட்டால் கக்கிவிடும். குதிரையால் கக்கவும் முடியாது, அதன் இரைப்பை வாசல் உள்ளே மட்டும்தான் திறக்கும். "எல்லா விஷத்துக்கும் இதே கணக்குன்னு நான் சொல்லல. ஆனா இந்தப் பூஞ்சைய மாடு, கோழியெல்லாம் ரொம்பத் தாங்கும். குதிரை தாங்கவே தாங்காது. அதுக்காகப் பசுவுக்கும் இனிமே இதப் போடாதீங்க."

அல்லால் உள்ளங்கையில் இருந்த மணிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு மாசத்துக்கு மேல் தன் கையாலேயே, வேறு யாரையும் அண்டவிடாமல், ஒவ்வொரு வேளையும் அளந்து போட்டவர். அந்த நிமிஷம் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எனக்கு அவர்மேல் பாசம் இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

டாக்டர் அதற்குள் பெருங்குடலைத் திறந்திருந்தார். பெரிய மூட்டை மாதிரி இருந்தது. அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் அலசினார். உமி மிதந்தது.

"இது பார்லியாச்சே. நல்ல பார்லி. இவ சாப்பிட்டதுல இது ஒண்ணுதான் உருப்படியான தீனி. இது வயித்துல இருந்த அளவுக்குச் சோளம் குறைஞ்சிருக்கும், அதனாலதான் இத்தன நாளாவது தாங்கியிருக்கா போல. யாரு குடுத்தது?"

எழுதிக்கொள்ள நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். ஆனால் அங்கே நின்ற அத்தனை ஆண்களுக்கும் தெரியும். அந்த வார்த்தையை அல்லால் சொன்னபோது தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்கள் வாயால் கேட்டவர்களும்தானே. திபாரி தரையைப் பார்த்தார்.

சுவருக்கு வெளியே அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று. நீ கொடுத்ததாகச் சொல்லிவிடு என்று அவன் கண் கெஞ்சியது. பொய்ச் சத்தியமும் செய்யாமல், உண்மையையும் சொல்லாமல், என் வீடு உடையக் கூடாது என்று ஊர்ப் பழியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றவன் இப்போதும் அதையேதான் கேட்டான். அவன் கொண்டுவந்து போட்ட மணிகளை விஷமென்று நினைத்து நான் தினமும் அடுப்பில் எரித்தது அவனுக்குத் தெரியாது.

அல்லாலும் என்னைத்தான் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் கண்டதே இல்லை. பக்கத்தில் வந்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீதானே குடுத்தே, மன்னானா? எனக்குத் தெரியாம நீதானே போட்டே? ஆமான்னு சொல்லு. ஒரு வார்த்த சொல்லு போதும்."

ஆமாம் என்றால் அன்று சாயங்காலம் நான் வழக்கம்போல அடுப்பு மூட்டியிருப்பேன். குழந்தைகள் அவர் மடியில் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் என்ன சொன்னாலும், சத்தியம் செய்யாமல் கையை எடுத்தவன் என்ற பழியோடு அண்ணன் காலம் முழுக்கச் சந்தையில் தனியாக நடந்திருப்பான்.

"இல்ல. எங்கண்ணன் குடுத்தது. தினமும் இந்தச் சுவர் ஏறி வந்து, அவ தொட்டியில கை வெச்சுக் குடுத்தது," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

பதினோரு வருஷத்தில் நான் சொன்ன எதையும் அல்லால் கேட்டவுடன் நம்பியதில்லை. இதை நம்பினார்.